ஒன்றரைக் கிலோ

மேட்டுப்பாளையத்தில் வளர்ந்தவர்களுக்கு ரேஸ் குதிரை என்றால் லாரிப் பலகைக்கு மேலே தெரியும் ஒரு மூக்கு, அவ்வளவுதான். கோடை சீசனுக்காகக் கிண்டியிலிருந்து கிளம்பும் குதிரைகள் எங்கள் ஊர் வழியாகத்தான் ஊட்டிக்கு மலையேறும். ஊட்டி ரோட்டில் டீக்கடை ஓரமாக வண்டி நிற்கும். கூட வந்தவர் வாளியில் தண்ணீர் காட்டுவார். நாங்கள் நாலைந்து பையன்கள் சுற்றி நின்று, "ஏனுங்ணா, இது எத்தனை லட்சமுங்?" என்று கேட்போம். அவர் பதில் சொன்னதே இல்லை. அது ஆணா பெண்ணா என்று மட்டும் நாங்கள் யாரும் கேட்டதில்லை. மூக்கைப் பார்த்தால் அது தெரியாது.

ரேஸ் புத்தகத்தில் தெரியும். கல்லூரி முடித்தபிறகுதான் முதன்முதலாக அப்படி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் 'ரேஸுக்குப் போறவன்' என்றால் குடும்பத்தைக் கெடுத்தவன் என்று பொருள், அதனால் வீட்டுக்குள் அந்தப் புத்தகம் வர வழியில்லை. உள்ளே திறந்தால் அது ஒரு அருமையான டேட்டாஷீட். ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு வரி: வயது, நிறம், அப்பா, அம்மா, பயிற்சியாளர், ஜாக்கி, சுமக்கும் எடை. நிறத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு எழுத்து. சி என்றால் இளம் ஆண். எஃப் என்றால் இளம் பெண். ஜி என்றால் காயடித்தது. தமிழில் இவற்றுக்குத் தனித்தனிச் சொல் புழக்கத்தில் இல்லை. 'பெட்டைக் குதிரை' என்று சொல்லலாம். ஆனால் அந்தச் சொல் பேச்சில் 'பொட்ட' ஆகி, வசையாகி, 'பொட்டக்கோழி கூவியா பொழுது விடியும்' என்பதுவரை போய்விட்டது. போதாக்குறைக்குத் தமிழ் இலக்கணத்தில் குதிரை அஃறிணை. ஆணோ பெண்ணோ, 'ஓடியது' என்றுதான் வினைமுற்று. ஆங்கில வர்ணனையில் 'அவள் முந்துகிறாள்' என்று கேட்கும் வரி தமிழுக்கு வந்ததும் 'அது முந்துகிறது' ஆகிவிடும். இந்தக் கட்டுரைக்கு மட்டும் இலக்கணத்தைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு 'அவள்' என்றே எழுதப்போகிறேன்.

அந்தப் புத்தகத்தில் என்னை நிறுத்தியவை இரண்டு பந்தயங்களின் பெயர்கள். ஊட்டியில் நடந்துவந்த கிளாசிக் பந்தயங்களில் ஒன்று நீலகிரி 1000 கினீஸ், இன்னொன்று நீலகிரி 2000 கினீஸ். முதலாவது பெண் குதிரைகளுக்கு மட்டும். இரண்டாவதில் ஆண் பெண் இருபாலும் ஓடலாம். ஏன் பாதி?

இங்கிலாந்தில் நியூமார்க்கெட் என்ற ஊரில் 1809-ல் ஒரு பந்தயம் தொடங்கினார்கள். பரிசுத்தொகை 2000 கினீ, அதையே பெயராக வைத்தார்கள். ஐந்து வருடம் கழித்து, 1814-ல், பெண் குதிரைகளுக்கென்று இன்னொன்று. பரிசு 1000 கினீ. ஆக, கணக்குப்பிள்ளை எழுதிய தொகைதான் பெயராக ஒட்டிக்கொண்டது. கினீ நாணயம் எப்போதோ செத்துவிட்டது, பரிசுத்தொகைகள் எங்கெங்கோ போய்விட்டன. ஆனாலும் அந்தப் பாதிக் கணக்கு கப்பலேறி இந்தியா வந்து, மும்பை மகாலட்சுமியில் உட்கார்ந்து, கடல் மட்டத்திலிருந்து ஏழாயிரம் அடிக்கு மேலே நம் ஊட்டிவரைக்கும் ஏறிவிட்டது.

இது அநியாயம் என்று உடனே சொல்லிவிடலாம். ஆனால் விதியைப் படித்தால் விஷயம் அவ்வளவு நேராக இல்லை. 1000 கினீஸிலும் ஓக்ஸிலும் ஆண் குதிரை ஓட முடியாது. 2000 கினீஸிலும் டெர்பியிலும் பெண் குதிரை ஓடலாம். கதவு பெண் பக்கமிருந்து திறந்துதான் இருக்கிறது. அதோடு ஒரு சலுகையும் உண்டு. இந்தியன் டெர்பியில் ஆண் குதிரை 57 கிலோ சுமந்தால் பெண் குதிரை 55.5 கிலோ சுமந்தால் போதும். ஜாக்கியின் எடை, சேணம், தேவைப்பட்டால் ஈயத் தகடு எல்லாம் சேர்த்து இந்தக் கணக்கு. ஓட்டத்தின் தூரத்தைப் பொறுத்து மாறும் என்றாலும், ஒரு மைல் பந்தயத்தில் ஒரு கிலோ என்பது கிட்டத்தட்ட ஒரு குதிரை நீளத்துக்குச் சமம் என்பது பந்தயக்காரர்களின் கைக்கணக்கு. ஆக, பெண்ணாகப் பிறந்ததற்கான ஈடு ஒன்றரைக் கிலோ. மனிதர்களோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு சிறிய எண் என்பது புரியும். 100 மீட்டர் ஓட்டத்தில் ஆண்கள் சாதனை 9.58 விநாடி, பெண்கள் சாதனை 10.49. கிட்டத்தட்ட பத்து சதவீத இடைவெளி. அதை எந்த ஈயத் தகட்டாலும் சரிக்கட்ட முடியாது, அதனால் நாம் இருவரையும் ஒரே கோட்டில் நிறுத்துவதே இல்லை. குதிரைகளில் அந்த இடைவெளி ஒன்றரைக் கிலோவில் அடங்கிவிடும் என்று பந்தய உலகமே ஒப்புக்கொண்டு விதி எழுதி வைத்திருக்கிறது.

அப்படியானால் பெண் குதிரைகள் பெரிய பந்தயங்களில் சரிபாதி ஜெயித்திருக்க வேண்டுமே? இல்லை.

இங்கிலாந்தின் எப்சம் டெர்பி 1780-ல் தொடங்கியது. இன்றுவரை அதை வென்ற பெண் குதிரைகள் ஆறு: எலினார் 1801, பிளிங்க் போனி 1857, ஷாட்டோவர் 1882, சிக்னொரினெட்டா 1908, டகாலி 1912, ஃபிஃபினெல்லா 1916. அதற்குப் பிறகு நூறு வருடத்துக்கு மேலாக ஒன்றுகூட இல்லை. அமெரிக்காவின் கென்டகி டெர்பி 1875 முதல் ஒரு வருடம் விடாமல் நடக்கிறது. அதில் மூன்று: ரிக்ரெட் 1915, ஜென்யுயின் ரிஸ்க் 1980, வின்னிங் கலர்ஸ் 1988.

இந்தியாவில் கதை வேறு மாதிரி தொடங்கியது. மகாலட்சுமியில் 1943-ல் நடந்த முதல் இந்தியன் டெர்பியை வென்றவளே ஒரு பெண் குதிரை. பெயர் பிரின்சஸ் பியூட்டிஃபுல். பரோடா மகாராஜாவின் குதிரை, ஓட்டியவர் எட்கர் பிரிட் என்ற ஆஸ்திரேலிய ஜாக்கி. எப்சம் டெர்பியைக் கடைசியாக ஒரு பெண் குதிரை ஜெயித்து இருபத்தேழு வருடம் ஆகியிருந்தபோது, இங்கே பந்தயமே ஒரு பெண் குதிரையோடு பிறந்திருக்கிறது. 2010-ல் ஜாக்குலின் வென்றபோது பத்திரிகைகள் அவளை ராணி என்கிற மாதிரி எழுதின. இளவரசி, ராணி, சீமாட்டி. ஆண் குதிரை ஜெயித்தால் அது குதிரை மட்டும்தான்.

இந்த எண்களை மட்டும் வைத்துக்கொண்டு 'பெண் குதிரைக்கு அவ்வளவு தெம்பு இல்லை, ஏதோ எப்போதாவது ஒன்று ஜெயிக்கும்' என்று முடிவுகட்டலாம். பலர் கட்டியிருக்கிறார்கள். ஆனால் பாரிஸில் அக்டோபர் மாதம் நடக்கும் ஆர்க் த ட்ரையம்ஃப் பந்தயத்தைப் பாருங்கள். எப்சம் டெர்பி போலவே ஏறக்குறைய 2400 மீட்டர். இருபாலும் ஓடலாம், காயடித்த குதிரைக்கு மட்டும் நெடுங்காலம் அனுமதி இருந்ததில்லை. பெண்ணுக்குச் சலுகை அதே ஒன்றரைக் கிலோ. ஐரோப்பாவின் ஆகச் சிறந்த குதிரைகள் மோதும் இடம். 2011-ல் டேன்ட்ரீம், 2012-ல் சொலேமியா, 2013, 2014 இரண்டும் ட்ரேவ், 2016-ல் ஃபவுண்ட், 2017, 2018 இரண்டும் எனேபிள். எல்லாம் பெண் குதிரைகள். நடுவில் 2015-ல் மட்டும் கோல்டன் ஹார்ன் என்ற ஆண். எட்டில் ஏழு.

ஒரே இனம், ஒரே தூரம், கிட்டத்தட்ட ஒரே எடைச் சலுகை. ஓரிடத்தில் நூறு வருடமாகப் பூஜ்யம், இன்னோரிடத்தில் எட்டுக்கு ஏழு. நான் பிழைப்புக்குச் செய்யும் வேலையில் இப்படி ஒரு விஷயம் வந்தால் முதலில் அல்காரிதத்தைச் சந்தேகப்பட மாட்டோம். உள்ளே வரும் டேட்டாவை யார் வடிகட்டுகிறார்கள் என்று பார்ப்போம். எப்சமில் பெண் குதிரைகள் தோற்பதைவிட முக்கியமான விஷயம், அவை அங்கே வருவதே அபூர்வம் என்பது. டெர்பிக்கு முந்தைய நாள் அதே மைதானத்தில் ஓக்ஸ் இருக்கிறது. நல்ல பெண் குதிரையை வைத்திருப்பவர் அதில் ஓடவிட்டு, ஜெயித்து, வீட்டுக்குப் போய்விடுவார்.

ஏன் அப்படி? இதற்கான பதிலை நான் குதிரைக்காரர்களிடமிருந்து கற்றதைவிட எங்கள் அப்புச்சியிடமிருந்து கற்றதாகத்தான் சொல்ல வேண்டும். அவர் காங்கேயம் மாடு வைத்திருந்தவர். கொங்கு நாட்டில் மாட்டுக்காக உயிரை விடும் ஆட்கள் உண்டு, அதில் ஒருவர். பழையகோட்டைப் பட்டக்காரர் தொழுவத்து மாடுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிப்போகும். இனப்பெருக்கத்துக்கென்றே வளர்க்கும் காளையை எங்கள் பக்கம் பூச்சிக்காளை என்போம். அவர் சொல்வார்: "மாடு எத்தன நல்ல மாடா இருந்தாலும் வருசத்துக்கு ஒரு கன்னுதான் கண்ணு. பூச்சிக்காளை நல்லதா அமைஞ்சா ஊர்ல இருக்கற கன்னெல்லாம் அவன் கன்னு." அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தையிலும் இதே கணக்கில்தான் விலை பேசுவார்கள் என்று நினைக்கிறேன்.

தொரோபிரெட் என்ற பந்தயக் குதிரை இனத்தில் இந்தக் கணக்கு இன்னும் கறாரானது. செயற்கைக் கருவூட்டலில் பிறந்த குட்டியைப் பதிவேட்டில் சேர்க்கவே மாட்டார்கள். பெண் குதிரை பதினோரு மாதம் சுமந்து ஒரு குட்டி போடும். பேர்போன ஆண் குதிரை ஒரே சீசனில் நூறு பெண் குதிரைகளுக்கு மேல் சேரும், ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். செக்ரட்டேரியட் என்ற குதிரையை 1973-ல் 32 பங்குகளாகப் பிரித்து, ஒரு பங்கு 1,90,000 டாலர் என்று விற்றார்கள். மொத்தம் 60,80,000 டாலர். அவன் அமெரிக்காவின் டிரிபிள் கிரவுனை, அதாவது கென்டகி டெர்பி, ப்ரீக்னெஸ், பெல்மான்ட் மூன்றையும், வெல்வதற்கு முன்பே நடந்த விற்பனை இது. அவர்கள் வாங்கியது அவனுடைய ஓட்டத்தை அல்ல, விந்தை.

இப்போது டெர்பியை மறுபடி பாருங்கள். ஆண் குதிரைக்கு டெர்பி என்பது பண்ணை வாழ்க்கைக்கான நுழைவுத் தேர்வு. ஜெயித்தால் பரிசுத்தொகையைப் போலப் பல மடங்கு பின்னால் வரும். பெண் குதிரைக்கு ஜெயித்தாலும் தோற்றாலும் வருடத்துக்கு ஒரு குட்டிதான். ஓக்ஸ் ஜெயித்தவள் என்ற பெயரே அந்தக் குட்டியின் விலைக்குப் போதும். அதனால் உரிமையாளர் பார்வையில் அவளை ஆண்களோடு ஓடவிடுவது லாபமில்லாத ரிஸ்க். அக்டோபரில் பாரிஸில் நிலைமை மாறுகிறது. மதிப்பு ஏறிய ஆண் குதிரைகளில் பல மூன்று வயதோடு பண்ணைக்குப் போய்விடுகின்றன. பெண் குதிரைகளை நான்கு வயதிலும் ஓட்டுகிறார்கள், அந்தப் பரிசுக்கு ஈடான தனிப் பந்தயம் அவற்றுக்கு வேறு கிடையாது. ஆகவே வருகின்றன. வந்தால் ஜெயிக்கின்றன. இது முழு விளக்கம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். வயது, பருவம், ஓடுதளம் எல்லாம் சேரும். ஆனால் பெரும்பகுதி இதுதான் என்பது என் கணக்கு.

கடன்காரன் கையில் சிக்கிய பெண் குதிரை எவ்வளவு ஓடும் என்பதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. செப்டர். அவளை 10,000 கினீ கொடுத்து வாங்கியவர் ராபர்ட் சீவியர், ஊரறிந்த சூதாடி. 1902-ல் இங்கிலாந்தின் ஐந்து கிளாசிக் பந்தயங்களிலும் அவளை இறக்கினார். ஐந்தில் நான்கை வென்றாள்: 2000 கினீஸ், 1000 கினீஸ், ஓக்ஸ், செயின்ட் லெஜர். டெர்பியில் மட்டும் நான்காவது. அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் ஓக்ஸ் ஜெயித்தாள். தனியாக நான்கு கிளாசிக் வென்ற குதிரை இங்கிலாந்தில் இன்றுவரை வேறு கிடையாது. எஜமானனுக்குப் பணமுடை இல்லாமல் இருந்திருந்தால், அவளும் கௌரவமாக இரண்டு பெண்கள் பந்தயம் ஓடிவிட்டுப் பண்ணைக்குப் போயிருப்பாள், நமக்குப் பெயர்கூடத் தெரிந்திருக்காது. அந்தச் சூதாடிக்கு நன்றி சொல்வதா, திட்டுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

எழுபதுகளில் பணத்தோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 1973 செப்டம்பரில் பில்லி ஜீன் கிங் என்ற டென்னிஸ் வீராங்கனை பாபி ரிக்ஸ் என்ற ஆண் ஆட்டக்காரரைத் தோற்கடித்தார். அமெரிக்கத் தொலைக்காட்சி அந்த ருசியைக் கண்டுகொண்டது. இரண்டு வருடம் கழித்து அதையே குதிரைகளில் நடத்தினார்கள். ரஃபியன் ஏறக்குறையக் கறுப்பு நிறம், பெரிய உடம்பு. பத்துப் பந்தயம், பத்தும் வெற்றி, ஒன்றில்கூட யாரும் அவளை வழியில் முந்தியதில்லை. பத்தும் பெண் குதிரைகளோடு. எதிரி ஃபூலிஷ் ப்ளெஷர், அந்த வருடக் கென்டகி டெர்பியின் வெற்றியாளன். இரண்டு குதிரைகளையும் வழக்கமாக ஓட்டியவர் ஒரே ஜாக்கி, ஹசின்டோ வாஸ்கெஸ். டெர்பியை அவனோடு வென்றவரே அவர்தான். யாரை ஓட்டுகிறாய் என்று கேட்டபோது ரஃபியனைத் தேர்ந்தெடுத்தார்.

1975 ஜூலை 6, நியூயார்க் பெல்மான்ட் பார்க். அவன் 126 பவுண்டு, அவள் 121. மைதானத்தில் ஐம்பதாயிரம் பேர், தொலைக்காட்சியில் கோடிக்கணக்கானவர்கள். அவள் தலையை முன்னே நீட்டி ஓடிக்கொண்டிருந்தாள். அரை மைல் போவதற்குள் வலது முன்காலில் எலும்பு முறிந்தது. வாஸ்கெஸ் லகானை இழுத்தார். அவள் நிற்கவில்லை. முறிந்த காலோடு ஓடினாள், ஓட ஓட எலும்பு நொறுங்கியது. அன்றிரவு அறுவை சிகிச்சை செய்தார்கள். மயக்கம் தெளிந்ததும் படுத்தபடியே கால்களை வீசி ஓட ஆரம்பித்தாள். போட்ட கட்டு உடைந்தது. விடிவதற்குள் ஊசி போட்டு முடித்துவிட்டார்கள். பெல்மான்ட் மைதானத்தின் நடுவிலேயே புதைத்தார்கள், மூக்கு வெற்றிக்கோட்டைப் பார்த்தபடி.

இந்த முறிவுக்கும் அவள் பெண் என்பதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆண் குதிரைகளுக்கும் இதே எலும்பு இதே மாதிரி முறிகிறது, மாதாமாதம் உலகில் எங்கேயாவது முறிகிறது. ஆனால் நினைவு புள்ளிவிவரம் பார்ப்பதில்லை. 2008 கென்டகி டெர்பியில் எய்ட் பெல்ஸ் என்ற பெண் குதிரை பிக் பிரவுனுக்கு அடுத்து இரண்டாவதாக வந்தாள். கோட்டைக் கடந்தபிறகு இரண்டு முன்கால்களும் முறிந்து விழுந்தாள். ஓடுதளத்திலேயே கருணைக் கொலை. பத்தொன்பது ஆண் குதிரைகளை ஒரே ஒரு பெண் எதிர்த்து ஓடி, பதினெட்டைத் தோற்கடித்தாள் என்று யாரும் எழுதவில்லை. 'இதற்குத்தான் சொன்னோம்' என்று எழுதினார்கள்.

சரியாக ஒரு வருடம் கழித்து வந்தவள்தான் ரேச்சல் அலெக்ஸாண்ட்ரா.

2009 மே 1, கென்டகி ஓக்ஸ். பெண் குதிரைகளுக்கான பந்தயம். ரேச்சல் இருபதேகால் நீள வித்தியாசத்தில் வென்றாள். இது ஓட்டம் என்பதைவிட மற்றவர்களை மறந்துவிட்டுத் தனியாக வீட்டுக்குப் போவது. மறுநாள் டெர்பி. அதில் அவள் இல்லை. அவளை வளர்த்து வைத்திருந்த டால்ஃபஸ் மோரிசனுக்கு ஒரு கொள்கை: பெண் குதிரை பெண் குதிரையோடு ஓட வேண்டும், டிரிபிள் கிரவுன் பந்தயங்கள் நாளைய பொலிக்குதிரைகளுக்கான மேடை. இதை வெளிப்படையாகவே சொன்னவர். நான் மேலே சுற்றி வளைத்துச் சொன்ன கணக்கை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார், அந்த நேர்மைக்காக எனக்கு அவரைப் பிடிக்கும். டெர்பியை மைன் தட் பேர்ட் என்ற குதிரை வென்றது, ஐம்பதுக்கு ஒன்று என்று யாரும் சீந்தாத குதிரை. ஓட்டியவர் கால்வின் பொரெல். முந்தின நாள் ரேச்சலை ஓட்டியவரும் அவரே.

அந்த வாரமே ரேச்சல் கைமாறினாள். வாங்கியவர்கள் ஜெஸ் ஜாக்சன் என்ற திராட்சை ஒயின் தொழிலதிபரும் அவர் கூட்டாளியும். ஜாக்சன் அவளை இரண்டு வாரத்தில் வரும் ப்ரீக்னெஸ் பந்தயத்தில் ஆண்களோடு இறக்கப்போவதாக அறிவித்தார். டிரிபிள் கிரவுனுக்கு முன்கூட்டியே பதிவு செய்யப்படாதவள் என்பதால் தாமதக் கட்டணம் 1,00,000 டாலர். பொரெல் டெர்பி வென்ற குதிரையை விட்டு இறங்கி, ரேச்சல் மேல் ஏறுகிறேன் என்றார். முப்பத்துநான்கு வருடத்துக்கு முன் வாஸ்கெஸ் எடுத்த அதே முடிவு. (அந்த வாஸ்கெஸ்தான் 1980-ல் ஜென்யுயின் ரிஸ்க்கை ஓட்டிக் கென்டகி டெர்பி வென்றவர். முதுகில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.)

அடுத்து நடந்ததுதான் எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகப் பிடித்த பகுதி. ப்ரீக்னெஸில் அதிகபட்சம் பதினான்கு குதிரைகள். முன்பதிவு செய்த குதிரைகளுக்கு முன்னுரிமை, தாமதக் கட்டணக்காரர்களுக்கு மிச்சமிருக்கும் இடம். மற்ற உரிமையாளர்கள் சிலர் விதியை நன்றாகப் படித்திருக்கிறார்கள். ஓட எந்தத் தகுதியும் இல்லாத ஒன்றிரண்டு குதிரைகளின் பெயரைக் கொடுத்துப் பதினான்கையும் நிரப்பிவிட்டால் ரேச்சலுக்கு இடமே இருக்காது. இப்படி ஒரு யோசனை ஓடுகிறது, அதில் டெர்பி வென்ற குதிரையின் தரப்பும் இருக்கிறது என்று செய்தி வெளியானது. ஊரே காறித் துப்பியது. இரண்டே நாளில் யோசனை கைவிடப்பட்டது.

அவளுக்குத் தெம்பு பத்தாது என்று உண்மையாகவே நம்பியிருந்தால் இடத்தை அடைக்க வேண்டிய அவசியம் என்ன? வந்து தோற்கட்டும் என்று விட்டிருக்கலாமே. ஒன்றரைக் கிலோ, ஐந்து பவுண்டு என்று எழுதி வைத்த சலுகையெல்லாம் அவள் பலவீனத்தைப் பற்றிப் பேசுகிறது. பதினான்கு இடத்தையும் நிரப்பப் பார்த்தவர்கள் வேறொன்றைப் பற்றிப் பேசினார்கள். இன்னொரு வேடிக்கை, மைன் தட் பேர்ட் காயடித்த குதிரை. அவனைப் பொலிக்கு விடவே முடியாது. ஆக, அந்தத் தரப்புக்கு இழக்க எதிர்கால வருமானம்கூட இல்லை, டெர்பி ஜெயித்த பெயர் ஒன்றுதான் இருந்தது.

மே 16, பால்டிமோர், பிம்லிகோ மைதானம். பதின்மூன்று குதிரைகள், ரேச்சலுக்குப் பதின்மூன்றாம் எண், கடைசி ஓரம். அங்கிருந்து முதல் திருப்பத்துக்குள் முன்னணிக்கு வர அவள் கூடுதலாக ஓட வேண்டும். வந்தாள். பிறகு விடவில்லை. கடைசி நூறு மீட்டரில் களைப்பு தெரிகிறது. ஓட்டம் நீளம் குறைகிறது, பின்னால் மைன் தட் பேர்ட் விழுங்குவதுபோல வருகிறான். வீடியோவைப் பலமுறை பார்த்துவிட்டேன், முடிவு தெரிந்தும் அந்த இடத்தில் கை இறுகும். ஒரு நீளத்தில் ஜெயித்தாள். 1924-ல் நெல்லி மோர்ஸ் வென்றதற்குப் பிறகு, எண்பத்தைந்து வருடம் கழித்து ப்ரீக்னெஸை வென்ற முதல் பெண்.

ஆகஸ்டில் நியூஜெர்சியில் ஹாஸ்கெல் பந்தயம், மழைச் சேற்றில், அந்த வருட பெல்மான்ட் வெற்றியாளன் சம்மர் பேர்டை ஆறு நீளம் பின்னால் விட்டாள். செப்டம்பரில் சரட்டோகாவில் உட்வர்ட் பந்தயம். இந்த முறை வயதில் மூத்த ஆண் குதிரைகள். மச்சோ அகெயின் என்ற குதிரை கடைசியில் பக்கத்தில் வந்துவிட்டது. ஒரு தலை வித்தியாசம். அதற்குமுன் எந்தப் பெண் குதிரையும் வெல்லாத பந்தயம் அது. வருடத்தின் சிறந்த குதிரை விருதும் அவளுக்கே.

அதே 2009 நவம்பரில் கலிஃபோர்னியாவில் ஐந்து வயது ஜெனியாட்டா, கடைசி இடத்திலிருந்து ஒவ்வொருவராகத் தாண்டி வந்து, பிரீடர்ஸ் கப் கிளாசிக்கை வென்ற முதல் பெண் ஆனாள். இருபது பந்தயத்தில் பத்தொன்பது வெற்றி. தோற்ற ஒன்று 2010-ல், அதே கிளாசிக்கில், பிளேம் என்ற ஆண் குதிரையிடம் ஒரு தலை வித்தியாசத்தில். அவளைப் பற்றி அதிகம் சொல்லப்படாத ஒரு தகவல்: அந்த இருபதில் ஆண்களோடு ஓடியது இரண்டே இரண்டுதான், இந்த இரண்டு கிளாசிக்கும். மிச்சம் பதினெட்டும் பெண்கள் பந்தயம். அவ்வளவு பெரிய குதிரையையே பத்துக்கு ஒன்றுதான் வெளியே விட்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் வேறு பழக்கம். அங்கே வின்க்ஸ் 33 பந்தயங்களைத் தொடர்ச்சியாக வென்றாள், ஆண்கள் ஓடும் காக்ஸ் ப்ளேட்டை 2015 முதல் 2018 வரை நான்கு முறை. அங்கே அதை யாரும் 'ஆண் எதிர் பெண்' என்று போஸ்டர் அடித்ததாகத் தெரியவில்லை, சனிக்கிழமை வேலையாகப் போய் ஜெயித்துவிட்டு வந்தாள்.

ஊட்டி மைதானத்தை 2024 ஜூனில் வருவாய்த்துறை எடுத்துக்கொண்டது, குத்தகை பாக்கி மட்டும் 822 கோடி ரூபாய் என்றார்கள். அதே வருடம் கிண்டியின் குத்தகையும் ரத்தானது. வழக்குகள் ஒருபக்கம். சூது ஒழிந்தது என்று எங்கள் ஊரில் பலருக்குச் சந்தோஷம், எனக்கும் அதில் பெரிய வருத்தம் இல்லை. 1974-லேயே தமிழ்நாடு குதிரைப் பந்தயத்தைத் தடைசெய்யச் சட்டம் போட்டது, 1996-ல் உச்ச நீதிமன்றம் இது அதிர்ஷ்டம் அல்ல, திறமை என்று சொல்லிவிட்டது. யாருடைய திறமை என்பதில்தான் எனக்குச் சிக்கல். வளர்ப்பவர், பயிற்சியாளர், ஜாக்கி, பணம் கட்டுபவரின் கணிப்பு என்று எல்லோரும் அதில் வருகிறார்கள். எந்தப் பந்தயத்தில் ஓடுவது என்று குதிரையை யாரும் கேட்பதில்லை. ஆண் குதிரையையும் கேட்பதில்லைதான். ஆனால் அவனுக்காக எடுக்கப்படும் முடிவு அவனைப் பெரிய பந்தயத்தை நோக்கித் தள்ளுகிறது, அவளுக்காக எடுக்கப்படும் முடிவு வெளியே இழுக்கிறது.

ரேச்சல் 2010-ல் ஓய்வு பெற்றாள். 2012-ல் முதல் குட்டி, ஆண். 2013 பிப்ரவரியில் இரண்டாவது, பெண். அந்தப் பிரசவத்தில் குடலில் காயம்பட்டு, பெரிய அறுவை சிகிச்சை நடந்து, உயிர் பிழைத்ததே பெரிய விஷயம் ஆகிவிட்டது. அதற்குப்பின் அவளைச் சினைக்கு விடுவதில்லை என்று பண்ணை முடிவெடுத்தது. ஓடுதளத்தில் அத்தனை ஆண்களோடு மோதி ஒரு கீறலும் இல்லாமல் வந்தவள்.

அந்த இரண்டாவது குட்டிக்கு ரேச்சல்ஸ் வாலன்டினா என்று பெயர். ஜாக்சன் 2011-லேயே இறந்துவிட்டார், பண்ணையை அவர் மனைவி நடத்துகிறார். குட்டி அம்மாவைப் போலவே ஓடியது. 2015-ல் சரட்டோகாவில் ஸ்பின்அவே பந்தயத்தை வென்றது, மறு வருடம் கென்டகி ஓக்ஸில் ஓடியது. இரண்டும் பெண் குதிரைகளுக்கான பந்தயங்கள். இரண்டு வாரம் கழித்து நடந்த ப்ரீக்னெஸில் அவள் பெயர் இல்லை.